லயமும் பட்டாவும்

மலேசியாவில் ஒரு நிலம் யாருடையது என்று தெரிந்துகொள்ள அதில் குடியிருப்பவரைக் கேட்க வேண்டியதில்லை. நில அலுவலகத்தில் சிறு கட்டணம் கட்டினால் பதிவேட்டைப் பார்த்துச் சொல்லிவிடுவார்கள். பதிவேட்டில் பெயர் இருப்பவர் உரிமையாளர். நாலு தலைமுறை அங்கேயே பிறந்து, வாழ்ந்து, பின்கட்டில் வாழையும் முருங்கையும் வைத்து, அங்கிருந்தே சுடுகாட்டுக்குப் போயிருந்தாலும் பதிவேட்டில் பெயர் இல்லாதவர் குடியிருப்பவர் மட்டும்தான்.

இந்த முறைக்கு டோரன்ஸ் முறை என்று பெயர். 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டோரன்ஸ் கொண்டுவந்தது. மலாயாவுக்கு அதைக் கொண்டுவர அதிகம் பாடுபட்டவர் வில்லியம் எட்வர்ட் மேக்ஸ்வெல் என்ற அதிகாரி. அவர் சிலாங்கூர் ரெசிடெண்டாக இருந்த காலத்தில்தான், 1891இல், அங்கே புதிய நிலச் சட்டம் வந்தது. பிறகு மற்ற மலாய் மாநிலங்களுக்கும் பரவியது. இன்று நம் கையில் இருக்கும் 1965ஆம் ஆண்டுத் தேசிய நிலச் சட்டம் அதன் வாரிசு. நம் வீட்டுப் பெரியவர்கள் 'கிராண்டு' என்று சொல்லும் காகிதத்தின் வரலாறு அங்கிருந்து தொடங்குகிறது.

அந்த மேக்ஸ்வெல்லின் மகன் பெயர் ஜார்ஜ் மேக்ஸ்வெல். கேமரன் மலையின் வரலாற்றில் அவர் பெயர் தவறாமல் வரும். 1885இல் வில்லியம் கேமரன் என்ற நில அளவையாளர் இந்த மேட்டு நிலத்தைக் கண்டதாக எழுதிவைத்தார். ஆனால் அதைச் சரியாக வரைபடத்தில் குறிக்கவில்லை. நாற்பது ஆண்டுகள் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளாமல் கிடந்த இடத்துக்கு 1925இல் வந்து, நுவரெலியாவோடும் பிலிப்பைன்ஸின் பாகியோவோடும் ஒப்பிட்டு, இங்கே மலைவாசத்தலம் அமைக்கலாம் என்று முடிவெடுத்தவர் ஜார்ஜ் மேக்ஸ்வெல். அப்பா நிலத்தைப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார். மகன் இந்த மலையை அந்தப் பதிவேட்டுக்குள் கொண்டுவந்தார் என்று சுருக்கமாகச் சொல்லலாம்.

நான் பிறந்தது இந்த மலையின் முதல் ஊரான ரிங்லெட்டில். தாப்பாவிலிருந்து வளைந்து வளைந்து ஏறிவரும் பாதையில், காது அடைத்து, வயிற்றைப் பிரட்டி, 'இன்னும் எவ்ளோ தூரம்பா' என்று பிள்ளைகள் அழத் தொடங்கும்போது வரும் ஊர். சுற்றுலாக்காரர்கள் இங்கே நிற்பது கழிப்பறைக்கும் தேநீருக்கும்தான். அவர்களுடைய கேமரன் மலை தானா ராத்தாவிலும் பிரிஞ்சாங்கிலும் இருக்கிறது. பள்ளி விடுமுறையில் அங்கே கார்கள் அசையாமல் நிற்கும். ரிங்லெட்டில் ஒரு வரிசைக் கடைகள், தமிழ்ப்பள்ளி, காய்கறி லாரிகள், இரவு ஒன்பது மணிக்கு மேல் பனி. அவ்வளவுதான். அமைதியான சிற்றூரில் வீடு வாங்கிக் குடியேற நினைப்பவர்களுக்குச் சொன்னால் உடனே பிடித்துவிடும் ஊர்.

எங்கள் குடும்பம் இங்கே நான்கு தலைமுறையாக இருக்கிறது. நில அலுவலகப் பதிவேட்டில் எங்கள் பெயர் ஒரு வரியில்கூட இல்லை. ஏன் இல்லை என்ற கேள்விதான் இந்தக் கட்டுரை.

மலையில் யார் பெயர்

1926இல் தாப்பாவிலிருந்து மலைக்குச் சாலை போடும் வேலை தொடங்கியது. சரிவுகளை வெட்டி, ஓடைகளுக்கு மேல் பாலம் கட்டி, மழையிலும் காய்ச்சலிலும் ஆட்களை இழந்து, 1930ஐ ஒட்டி வேலை முடிந்தது. சாலை வருவதற்கு முன்பே நிலத்துக்கான விண்ணப்பங்கள் வந்துவிட்டன.

ஜே. ஏ. ரஸ்ஸல் என்ற தொழிலதிபரும், இலங்கையில் தேயிலை பயிரிட்டு அனுபவப்பட்ட ஏ. பி. மில்ன் என்பவரும் சேர்ந்து அரசாங்கத்திடம் நிலம் கேட்டார்கள். 1929இல் ரிங்லெட் பக்கத்தில் போ தோட்டம் தொடங்கியது. உலகமே பொருளாதார வீழ்ச்சியில் விழப்போகும் வருடம் அது. கீழே ரப்பர் விலை சரிந்து, 1930க்கும் 1933க்கும் இடையில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றித் தமிழ்நாட்டுக்குத் திருப்பி அனுப்பினார்கள். அதே காலத்தில் மேலே காடு வெட்டித் தேயிலைக் கன்று நடுவதற்கு ஆள் தேவைப்பட்டது. ரஸ்ஸல் 1933இல் இறந்துவிட்டார். ஆனால் நிறுவனம் இன்றும் அந்தக் குடும்பத்திடம்தான் இருக்கிறது. 1933இல் பாரத் தேயிலைத் தோட்டமும் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்கள் வட இந்தியாவிலிருந்து வந்த அகர்வால் குடும்பத்தார்.

தோட்டங்களோடு பங்களாக்களும் வந்தன. தாழ்நிலத்து வெப்பத்தில் வாடிய வெள்ளைக்கார அதிகாரிகளும் துரைமார்களும் வந்து தங்க, ஓய்வுக்குப் பின் வாழ, மனைகள் பிரிக்கப்பட்டன. கணப்பு அடுப்பு வைத்த, இங்கிலாந்துக் கிராமத்து வீடு போன்ற கட்டடங்கள் எழுந்தன. ஸ்மோக்ஹவுஸ் விடுதி 1937இல் கட்டப்பட்டது. 1967இல் தாய்லாந்துப் பட்டு வணிகர் ஜிம் தோம்ப்சன் காணாமல்போனதும் இப்படி ஒரு பங்களாவிலிருந்துதான். ஒரே ஒரு நாள் காணாமல்போன அவரைப் பற்றிப் புத்தகங்கள் இருக்கின்றன. அந்த பங்களாக்களில் தண்ணீர் சுடவைத்தவர்களைப் பற்றி இல்லை.

இப்படியாக 1930களிலேயே பதிவேட்டில் மூன்று வகைப் பெயர்கள் ஏறிவிட்டன: அரசாங்கம், நிறுவனங்கள், பங்களா முதலாளிகள். ஏறாத பெயர்கள் இரண்டு வகை. ஒன்று செமாய் மக்கள். இந்த மலையை யாரும் 'கண்டுபிடிப்பதற்கு' முன்பே இங்கே வாழ்ந்தவர்கள். காட்டில் அலைந்து திரிபவர்களுக்கு நிலம் எதற்கு என்பது காலனியத்தின் எண்ணம். பூர்வகுடிகளுக்குத் தங்கள் பாரம்பரிய நிலத்தின் மீது உரிமை உண்டு என்று நீதிமன்றங்கள் அழுத்திச் சொல்ல 1990களும் 2000களும் வரவேண்டியிருந்தது. சிலாங்கூரில் தெமுவான் மக்கள் போட்ட சகோங் தாசி வழக்கில் 2002இல் வந்த தீர்ப்பு அதில் முக்கியமானது.

இரண்டாவது வகை, லயத்துக்காரர்கள். நாங்கள்.

லயம் என்பது வீடா?

லயம் என்ற சொல் ஆங்கிலச் சொல்லிலிருந்து வந்தது. வரிசை என்று பொருள். இராணுவத்தில் சிப்பாய்களின் குடியிருப்பு வரிசைக்கு வழங்கிய பெயர். தமிழ் அதை எடுத்துத் தன் வாய்க்கு ஏற்ப மாற்றிக்கொண்டது. 'எந்த லயம்?' என்றால் எந்தத் தெரு என்று பொருள். 'லயத்துப் புள்ளைங்க' என்றால் ஒரு வகுப்பு. ஆனால் சட்டத்தின் கண்ணில் லயம் என்பது தொழிற்சாலையின் இன்னொரு கருவி. அரிவாள், கூடை, கொழுந்து நிறுக்கும் தராசு, லயம்.

அன்றைய தொழிலாளர் சட்டம் தோட்ட முதலாளி தொழிலாளிக்குக் குடியிருப்பு தர வேண்டும் என்றது. தண்ணீர், மருத்துவம், ஆயாக்கொட்டகை, பள்ளிக்கூடம் எல்லாம் அந்த வரிசையில் வரும். குடும்பமுள்ள தொழிலாளிக்குக் காய்கறி போட்டுக்கொள்ள ஏக்கரில் பதினாறில் ஒரு பங்கு நிலம் ஒதுக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. ஒதுக்குவதுதான். கொடுப்பதில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு 1966இலும் 1990இலும் தொழிலாளர் குடியிருப்புக்கான குறைந்தபட்சத் தரச் சட்டங்கள் வந்தன. அறை எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும், கழிப்பறை எப்படி, மின்சாரம் எப்படி என்று அவை பேசின. சுவரைப் பற்றி எல்லாச் சட்டமும் பேசியது. அந்தச் சுவருக்குள் வாழ்கிறவர் என்றைக்காவது அதன் சொந்தக்காரர் ஆவாரா என்பதைப் பேசவில்லை.

வேலையும் வீடும் ஒரே கயிற்றில் கட்டப்பட்டால் என்ன ஆகும்? வேலையை விட நினைப்பவன் முதலில் வீட்டை நினைப்பான். துரையை எதிர்த்துப் பேச நினைப்பவன் வயதான அம்மாவை எங்கே கொண்டுபோய் வைப்பது என்று நினைப்பான். ஒரு பிள்ளையாவது தோட்டத்தில் பேர் பதிந்தால் வீடு நிலைக்கும் என்பதற்காகப் பள்ளியை விட்டு நின்ற பிள்ளைகளை எங்கள் லயத்திலேயே எண்ணிச் சொல்லலாம். என் அத்தை அதில் ஒருவர். படிப்பில் கெட்டிக்காரர் என்று பாட்டி சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

முள்வேலிக்கு இரண்டு பக்கம்

1948இல் அவசரகாலம் பிறந்தது. காட்டில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள். அவர்களுக்கு உணவும் தகவலும் போவதைத் தடுக்க 1950இல் பிரிக்ஸ் திட்டம் வந்தது. காட்டு ஓரங்களில் காய்கறி போட்டு வாழ்ந்த சீனக் குடியானவர்களைத் துப்பாக்கி முனையில் பெயர்த்து, லாரியில் ஏற்றி, முள்வேலி போட்ட புதுக்கிராமங்களில் இறக்கினார்கள். நாடு முழுக்க நானூறுக்கும் மேற்பட்ட புதுக்கிராமங்கள். ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள். ரிங்லெட்டும் பெர்த்தாம் பள்ளத்தாக்கும் அந்தப் பட்டியலில் உண்டு.

நம் வரலாற்றில் அதிகம் பேசப்படாத இன்னொரு பெயர்ப்பும் அதே காலத்தில் நடந்தது. தோட்டங்களிலும் சுரங்கங்களிலும் சிதறிக் கிடந்த லயங்களைக் கலைத்து, ஒரே இடத்தில் கூட்டி, அவற்றைச் சுற்றியும் முள்வேலி போட்டார்கள். இதற்கு மறுகுழுவாக்கம் என்று பெயர். இதிலும் பல லட்சம் பேர். அதில் பெரும்பகுதி தமிழர்கள். ஊரடங்கு, சோற்றுக் கட்டுப்பாடு, வாசலில் சோதனை எல்லாம் இரு தரப்புக்கும் பொது.

வேறுபாடு வேலிக்குள் இருந்த மண்ணில். புதுக்கிராமம் அரசாங்கம் எடுத்துக்கொடுத்த நிலம். ஒவ்வொரு குடும்பத்துக்கும் அளந்த மனை. முதலில் தற்காலிக உரிமம், பிறகு பல இடங்களில் முப்பது ஆண்டுக் குத்தகைப் பட்டா, அதற்கப்புறம் புதுப்பிப்பு. அந்தப் பட்டாவுக்காகவும் அவர்கள் நீண்ட காலம் போராட வேண்டியிருந்தது. ஆனாலும் போராடுவதற்கு ஒரு மனை எண் இருந்தது. மறுகுழுவாக்கப்பட்ட லயம் தோட்டத்து நிலத்துக்குள்ளேயே இருந்தது. வேலி போனதும் நிலம் கம்பெனியுடையதாகவே மிஞ்சியது. தமிழனுக்கு மனை எண் கிடைக்கவில்லை, லய எண்தான்.

சீனர்களுக்குக் கொடுத்தார்கள், நமக்குக் கொடுக்கவில்லை என்ற பொறாமைக் கதையாக இதைச் சொல்லும் வழக்கம் நம் காப்பிக்கடைகளில் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. வீட்டைக் கொளுத்திவிட்டு லாரியில் ஏற்றுவதற்குப் பெயர் கொடுப்பது இல்லை. அரசாங்கம் ஒரு மக்களைச் சந்தேகித்தது, அதனால் அவர்களை நிலத்தில் நிறுத்திவைக்க வேண்டியிருந்தது. இன்னொரு மக்களைச் சந்தேகிக்க அவசியமில்லை. அவர்களைத் தோட்டம் ஏற்கனவே நிறுத்திவைத்திருந்தது.

ஓராண்டு நிலம்

ரிங்லெட்டில் நிலம் என்று பேச்செடுத்தால் மூன்று எழுத்துகளில் ஒரு சொல் உடனே வரும்: டி.ஓ.எல். தற்காலிக ஆக்கிரமிப்பு உரிமம். சாலையோரம் நீங்கள் பார்க்கும் பிளாஸ்டிக் கூடாரங்கள், தக்காளி, கோஸ், பூச்செடி, பெரும்பாலும் இந்த உரிமத்தில் வளர்ந்தவை.

தேசிய நிலச் சட்டத்தில் இதற்கான விதி கண்டிப்பானது. உரிமம் எந்த மாதம் தொடங்கினாலும் அந்த ஆண்டின் இறுதிக்குள் முடிந்துவிடும். வருடா வருடம் புதுப்பிக்க வேண்டும். இன்னொருவருக்கு மாற்ற முடியாது. உரிமம் பெற்றவர் இறந்தால் உரிமமும் அவரோடு போய்விடும். பிள்ளைக்கு வராது. முப்பது நாற்பது ஆண்டு ஒரே நிலத்தில் பயிர் செய்தவர்கள்கூடச் சட்டப்படி ஓராண்டு விருந்தாளிகள்தான்.

இதை நான் எழுதக் காரணம் இருக்கிறது. ரிங்லெட்டில் 'மலிவா ஒரு வீடு இருக்கு' என்று யாராவது சொன்னால் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, கிராண்டு இருக்கிறதா என்பதுதான். பலகையும் தகரமும் வைத்துக் கட்டி, பிறகு சிமெண்டு பூசி, கார் நிறுத்த இடமும் விட்டு, பார்ப்பதற்குத் தாமான் வீடு போலவே இருக்கும். தண்ணீர், மின்சார பில்லும் காட்டுவார்கள். கையெழுத்துப் போட்ட ஒரு காகிதமும் இருக்கும். பில் பட்டா ஆகாது. நில அலுவலகத்தில் தேடிப் பார்க்காமல் முன்பணம் கொடுக்கக் கூடாது.

நூறு வெள்ளிப் பங்கு

சுதந்திரத்தை ஒட்டி வெள்ளைக்கார முதலாளிகள் பலர் தோட்டங்களை விற்றுவிட்டுக் கிளம்பினார்கள். வாங்கிய வியாபாரிகள் தோட்டத்தைத் துண்டு துண்டாக வெட்டி விற்றார்கள். துண்டாடப்பட்ட தோட்டத்தில் லயம் தேவையில்லை, லயத்துக்காரனும் தேவையில்லை. தாழ்நிலத்தில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் நடுத்தெருவுக்கு வந்தன.

இதற்குப் பதிலாகத்தான் 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். தொழிலாளி தன் சம்பளத்தில் சிறுகச் சேர்த்து நூறு வெள்ளிப் பங்கு வாங்குவது. அந்தப் பணத்தில் விற்பனைக்கு வரும் தோட்டத்தைச் சங்கமே வாங்குவது. 1961இல் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டம் முதலாவதாக வாங்கப்பட்டது. தோட்டம் தோட்டமாகச் சென்று அவர் பேசியதை எங்கள் ஊர்க் கிழவர்கள்கூட நினைவில் வைத்திருந்தார்கள். இந்த நாட்டில் தமிழ்த் தொழிலாளி தன் காசில் நிலம் வாங்கிய பெரிய முயற்சி அதுதான்.

ஆனால் அதன் எல்லையையும் பார்க்க வேண்டும். சங்கம் வாங்கியதால் தோட்டம் பிழைத்தது, வேலை பிழைத்தது. பதிவேட்டில் சங்கத்தின் பெயர் ஏறியது. தொழிலாளிக்குப் பங்கு கிடைத்தது, தனிப் பட்டா கிடைத்துவிடவில்லை. மலை மேலே நிலைமை இன்னும் வேறு. தேயிலைத் தோட்டங்கள் விற்பனைக்கு வரவில்லை. அதனால் துண்டாடலின் கொடுமை எங்களைத் தொடவில்லை. வாங்கும் வாய்ப்பும் எங்களைத் தொடவில்லை.

1969ஐ ஒட்டி இன்னொரு அடி. குடியுரிமை இல்லாதவர் வேலை செய்ய அனுமதிச் சீட்டு வேண்டும் என்ற சட்டம் நடப்புக்கு வந்தது. பல்லாயிரக்கணக்கான தோட்டத் தமிழர்கள் இந்தியாவுக்குத் திரும்பினார்கள். என் தாத்தாவின் அண்ணன் அதில் ஒருவர். சிவப்பு அடையாள அட்டை. நாமக்கல் பக்கம் ஏதோ ஓர் ஊருக்குப் போனார். போகும்போது லயத்து வாசலில் தான் நட்ட கொய்யா மரத்தை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போனார் என்று தாத்தா சொல்வார். அவர் விட்டுச் சென்ற சொத்து என்று சொல்ல அந்த மரம்தான் இருந்தது.

மாஞ்சோலையும் நுவரெலியாவும்

இது மலேசியாவின் கதை மட்டும் என்று நினைத்தால் கடலைத் தாண்டிப் பாருங்கள். திருநெல்வேலி மாவட்டத்தில் மாஞ்சோலை. 1929இல், அதாவது போ தோட்டம் தொடங்கிய அதே ஆண்டில், சிங்கம்பட்டி ஜமீன் எட்டாயிரத்துச் சொச்சம் ஏக்கர் காட்டை 99 ஆண்டுக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனியிடம் கொடுத்தது. மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டி என்று ஊர்கள் முளைத்தன. குத்தகை 2028இல் முடிகிறது. அதற்கு முன்னதாகவே 2024இல் நிறுவனம் விருப்ப ஓய்வு என்று சொல்லித் தொழிலாளர்களை வெளியேறச் சொன்னது. நிலம் காட்டுக்குத் திரும்புகிறது. காடு திரும்ப வேண்டியதுதான். நான்கைந்து தலைமுறையாக மலையைத் தவிர வேறு தெரியாத மக்கள் எங்கே திரும்புவது என்பதுதான் அங்கே எழுந்த கேள்வி. வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயும் அங்கேயே நிலம் என்ற கோரிக்கை ஏற்கப்படவில்லை.

இலங்கை மலையகம் இன்னும் பழையது. 2023இல் இருநூறு ஆண்டு நினைவைக் கொண்டாடினார்கள். பத்துக்குப் பன்னிரண்டு அடி அறையில் குடும்பம் நடத்தியவர்களின் பேரப்பிள்ளைகள் 'எங்களுக்குக் காணி வேண்டும்' என்று கேட்டார்கள். அண்மைக் காலத்தில் ஏழு பேர்ச்சஸ் நிலத்தோடு தனி வீடு என்று திட்டம் வந்து, கொஞ்சம் பேருக்கு வீடும் கிடைத்திருக்கிறது. ஏழு பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய ஆயிரத்துத் தொள்ளாயிரம் சதுர அடி. இருநூறு ஆண்டுக்கு அது.

நம் நாட்டில் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சொந்த வீட்டுத் திட்டம் என்ற பேச்சு 1970களிலிருந்தே இருக்கிறது. கட்டாயச் சட்டமாக இல்லாததால் மனமுள்ள முதலாளிகள் செய்தார்கள், மற்றவர்கள் செய்யவில்லை. 2009இல் பினாங்கில் கம்போங் புவா பாலா தரைமட்டமானபோது நான் ஆரம்பப்பள்ளியில் இருந்தேன். தொலைக்காட்சியில் மண்வாரி இயந்திரம் ஒரு வீட்டின் கூரையை இடிப்பதைப் பார்த்து என் பாட்டி சொன்ன ஒரே வாக்கியம்: 'மாடு கட்ட எடமாச்சும் குடுத்தானா?'

பொறியாளன் கண்ணில் ரிங்லெட்

ஸ்கூடாயில் கட்டுமானப் பொறியியல் படித்துவிட்டு இப்போது ஈப்போவில் ஒரு குத்தகை நிறுவனத்தில் வேலை செய்கிறேன். அப்பா தோட்டத்து லாரி ஓட்டுநர். அறுபது வயதில், 2024இல் ஓய்வு பெற்றார். அம்மா இன்னும் கொழுந்து எடுக்கிறார். அம்மா வேலையில் இருக்கும்வரை வீடு எங்களுடையது. இன்னும் நான்கு ஆண்டு.

'ஈப்போலயே பாப்போம்பா, ஆஸ்பத்திரி கிட்ட, வெலையும் கம்மி' என்று சொன்னேன்.

'அங்க போயி ஃபேன் போட்டுப் படுக்கணும். எனக்குத் தூக்கம் வராது. பாக்கறதா இருந்தா இங்கயே பாரு' என்றார் அப்பா.

அதனால் வார விடுமுறைகளில் ரிங்லெட்டில் வீடு பார்க்கத் தொடங்கினேன். நிலத்தைத் தொழில்கண்ணால் பார்க்கும் பழக்கம் வந்துவிட்டது. இந்த ஊரில் வீடு தேடும் யாருக்கும் அது உதவும் என்பதால் சொல்கிறேன்.

முதலில் சரிவு. இந்நாட்டு நடைமுறையில் சரிவை நான்கு வகுப்பாகப் பிரிப்பார்கள். 15 பாகைக்குக் கீழே முதல் வகுப்பு, 35 பாகைக்கு மேலே நான்காவது. மலைச்சரிவு வீடு என்றதும் நமக்கு நினைவுக்கு வர வேண்டியது 1993 டிசம்பர் 11. உலு கிள்ளானில் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்து 48 பேர் இறந்த நாள். கட்டடத்தைத் தள்ளியது பின்னால் இருந்த மண். வடிகால் சரியில்லாத சரிவில் தண்ணீர் ஊறி மண் கனத்து இறங்கியது. ஆகவே காட்சிக்கு மயங்காமல் வீட்டுக்குப் பின்னால் போய்ப் பாருங்கள். தாங்குசுவரில் விரிசல், வெளிப்பக்கம் புடைப்பு, தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருப்பது, மரங்கள் ஒரே பக்கம் சாய்ந்திருப்பது, இவையெல்லாம் மண் நகர்கிறது என்பதற்கான அறிகுறி. மேலே யார் காடழிக்கிறார்கள் என்பதையும் பாருங்கள்.

அடுத்தது ஆறு. ரிங்லெட்டில் சுல்தான் அபு பாக்கார் அணை 1963இல் முடிந்தது. மின்சாரத்துக்காகப் பெர்த்தாம் ஆற்றை மறித்துக் கட்டியது. மேலே காடழித்துப் பண்ணைகள் பெருகப் பெருக, ஒவ்வொரு மழையிலும் மண் ஏரிக்குள் இறங்கியது. வண்டல் படிந்து கொள்ளளவு வெகுவாகக் குறைந்துவிட்டது. கொள்ளளவு குறைந்த அணைக்குப் பெருமழை வந்தால் தண்ணீரைத் திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. 2013 அக்டோபர் 23 அதிகாலையில் அப்படித் திறந்த தண்ணீர் பெர்த்தாம் பள்ளத்தாக்கில் வீடுகளை அடித்துக்கொண்டுபோனது. உயிர்களும் போயின. அடுத்த ஆண்டு நவம்பரில் மறுபடி சேற்று வெள்ளம். ஆற்றங்கரையில் வீடு கட்டியிருந்தவர்களில் பலர் வேறு எங்கும் நிலமில்லாதவர்கள். அவர்களோடு, பண்ணைகளில் வேலை செய்த வெளிநாட்டுத் தொழிலாளர்களும். பட்டா இல்லாதவனுக்கு மிஞ்சுவது ஆற்றங்கரையும் சரிவும்தான். பேரிடர் வரும்போது அதற்கு இயற்கை என்று பெயர் வைப்போம்.

மூன்றாவது கணக்கு. உதாரணத்துக்கு நாலு லட்சம் ரிங்கிட் வீடு என்று வைத்துக்கொள்வோம். பத்து விழுக்காடு முன்பணம் 40,000. மீதி 3,60,000க்கு நாலு விழுக்காடு வட்டியில் 35 ஆண்டுக் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 1,594 ரிங்கிட். முப்பத்தைந்து ஆண்டில் கட்டி முடிப்பது ஆறு லட்சத்து எழுபதாயிரம் பக்கம். 2025இல் இந்நாட்டின் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். அம்மாவின் சம்பளம் அதை ஒட்டித்தான். தவணை கட்டிய பின் மீதி 106 ரிங்கிட்டில் மாதம் ஓட வேண்டும். அதுவும் வங்கி கடன் கொடுத்தால். அறுபதை நெருங்கும் ஒருவருக்கு வங்கி கொடுக்கும் தவணைக்காலம் பத்து ஆண்டைத் தாண்டுவது அரிது.

ஆக, நான்கு தலைமுறை இங்கே உழைத்த உழைப்பில் இங்கே ஒரு வீடு வாங்க முடியாது. நான் வெளியே போய்ப் படித்து, வெளியே சம்பாதித்துக் கொண்டுவந்தால்தான் முடியும். இதைச் சாதனையாகச் சிலர் என்னிடம் பேசுகிறார்கள். எனக்கு அந்தக் கணக்கு உறுத்துகிறது. படிக்காத பிள்ளையின் அப்பா என்ன செய்வார்?

இப்போது லயத்தில்

எங்கள் லயத்தில் இன்று பாதிக்கு மேல் நேப்பாளிகளும் வங்காளதேசிகளும் இந்தோனேசியர்களும். தமிழ்ப் பிள்ளைகள் படித்தோ படிக்காமலோ இறங்கிப் போய்விட்டார்கள். கையால் கொழுந்து கிள்ளுவதும் குறைந்து, கத்தரியும் இயந்திரமும் வந்துவிட்டன. இரவில் ஒரு வீட்டில் நேப்பாளிப் பாட்டு, பக்கத்து வீட்டில் அம்மாவின் தொலைக்காட்சித் தொடர். வந்திருப்பவர்களுக்கு ஒப்பந்தம் சில ஆண்டுகள். குடும்பத்தைக் கொண்டுவர அனுமதி இல்லை. எங்கள் கொள்ளுத்தாத்தாவுக்கு இருந்ததைவிடச் சுருக்கமான கயிறு. லயம் என்ற ஏற்பாடு பழையதாகிப் போகவில்லை, ஆளை மாற்றிக்கொண்டது.

'நம்ம எடத்த அவனுங்க புடிச்சிட்டானுங்க' என்று பேசும் நம்மவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எது நம்ம இடம்? எந்தப் பதிவேட்டில்? அந்த நேப்பாளித் தம்பியும் நானும் ஒரே வரலாற்றின் முன்னும் பின்னும் நிற்கிறோம். தோட்டத் தமிழரின் வீட்டுரிமையைப் பேசும் நம் இயக்கங்களும் எழுத்தாளர்களும், குடியிருப்பை வேலையோடு கட்டிவைக்கும் முறையையே கேள்வி கேட்டால் அதில் அவனுக்கும் இடமிருக்கும். நமக்கு மட்டும் என்று கேட்டால் இன்னொரு தொண்ணூறு ஆண்டு கழித்து வேறு மொழியில் இதே கட்டுரையை வேறொருவர் எழுதுவார்.

வீடு ஒன்று முடிவாகியிருக்கிறது. ரிங்லெட் கடைத்தெருவிலிருந்து நடக்கும் தூரம். பழைய ஒற்றைமாடி வரிசை வீடு, 99 ஆண்டுக் குத்தகையில் பாதிக்கு மேல் மீதி. பின்பக்கச் சரிவு மிதமானது, தாங்குசுவரில் துளைகளில் தண்ணீர் வடிகிறது, ஆறு எட்டத்தில். கடன் என் பெயரில். ஊழியர் சேமநிதியிலிருந்து எடுக்க முடிந்ததை நானும் எடுக்கிறேன், அம்மாவும் எடுக்கிறார்.

வழக்கறிஞர் அலுவலகத்தில் உரிமையாளர் பெயர் கேட்டார்கள். அப்பாவிடம் தொலைபேசியில் கேட்டேன். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு சொன்னார்: 'எம் பேரு வேணாம்யா. உன் பேரு போடு, கூட அம்மா பேரு போடு. அவதான் முப்பது வருசமா மலை ஏறுனா.'

அம்மாவின் அடையாள அட்டை எண்ணைச் சொன்னேன். எழுத்துக்கூட்டலைச் சரிபார்க்கச் சொன்னார்கள். பிறப்புப் பத்திரத்தில் தோட்டத்துக் கிராணி எழுதியது ஒரு மாதிரி, அடையாள அட்டையில் இன்னொரு மாதிரி. அட்டையில் இருக்கிறபடியே போடச் சொல்லிவிட்டேன்.